தூதரைப் பிடித்த அமீனா

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை நேரம், அண்ணா சாலையில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. நீல நிற நம்பர் பிளேட், அதில் வெள்ளை எழுத்து. பின்னால் உட்கார்ந்திருந்த நண்பர் காதருகே குனிந்து சொன்னார்: "இந்த வண்டி நம்ம மேல ஏறி இறங்கினாக்கூட போலீஸ் ஒண்ணும் பண்ண முடியாது, தெரியும்ல?"

எனக்கும் அப்போது அப்படித்தான் தெரியும். தலையாட்டினேன். சிக்னல் விழுந்தது, கார் போய்விட்டது. ஆனால் அந்த வாக்கியம் மட்டும் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. ஒரு நாட்டின் போலீஸும் கோர்ட்டும் தன் ஊரிலேயே ஒரு ஆளைத் தொடக் கூடாது என்று எவன் எழுதி வைத்தான்? ஏன் எழுதினான்? அது நியாயமா? அன்றிலிருந்து படித்துச் சேர்த்த குறிப்புகளைத்தான் இங்கே கட்டுரையாக்கியிருக்கிறேன். நண்பர் சொன்னது பாதி தவறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பாதி என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

வாலுக்குத் தீ வைக்கலாமா?

தூதரைக் கொல்லக் கூடாது என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. திருக்குறளில் தூதுக்கென்றே தனி அதிகாரம் இருக்கிறது, 69-வது. இராமாயணத்தில் அனுமனைக் கொல்லச் சொல்லி இராவணன் உத்தரவிடும்போது, தூதனைக் கொல்வது தர்மம் அல்ல என்று தடுப்பவன் விபீஷணன். ஆனால் வால்மீகியில் ஒரு நுணுக்கம் உண்டு. கொலை கூடாது என்று சொல்லும் விபீஷணனே, தூதனுக்குத் தரக்கூடிய வேறு தண்டனைகளும் இருக்கின்றன என்கிறான். அதன் பிறகுதான் வாலுக்குத் தீ வைக்கிறார்கள்.

ஆக, பழைய விதி "உயிரை எடுக்காதே" என்பதோடு நின்றுவிட்டது. வாலை என்ன செய்வது என்பதில் தெளிவில்லை. ஐரோப்பாவிலும் நிலைமை இதுதான். 1584-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத்தைக் கவிழ்க்கும் சதியில் ஸ்பெயின் தூதர் மெண்டோசாவுக்குப் பங்கு இருப்பது தெரியவந்தது. என்ன செய்யலாம் என்று சட்ட அறிஞர் அல்பெரிகோ ஜென்டிலியிடம் கேட்டார்கள். தண்டிக்க வேண்டாம், நாட்டை விட்டு அனுப்பிவிடுங்கள் என்றார். அப்படியே செய்தார்கள்.

அதே ஊரில் எழுபது வருடம் கழித்து நடந்தது வேறு. போர்ச்சுகல் தூதரின் தம்பி பான்டலியோன் டி சா, 1653-ல் லண்டன் கடைத்தெரு ஒன்றில் நடந்த கைகலப்பில் ஒரு கொலை வழக்கில் மாட்டினார். தூதரின் குடும்பம் என்ற வாதம் எடுபடவில்லை. 1654 ஜூலை 10 அன்று டவர் ஹில்லில் தலையை வெட்டினார்கள். இங்கிலாந்துக்கும் போர்ச்சுகலுக்கும் இடையில் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே நாளில்தான். தம்பியின் தலை போன அன்று அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

ஒருவருக்கு விமோசனம், இன்னொருவருக்குக் கோடரி. வழக்கம் இருந்தது, எழுதிய சட்டம் இல்லை. அது இல்லாததன் விலை தெரியவந்தது 1708-ல்.

ஐம்பது பவுண்டு கடன்

ஆந்திரே மத்வேயெவ், ரஷ்யப் பேரரசர் மகா பீட்டரின் தூதர். சாதாரண ஆள் இல்லை. 1682-ல் மாஸ்கோவில் நடந்த படைவீரர் கலகத்தில் அவருடைய தந்தையைக் கிரெம்ளினிலேயே கொன்றார்கள். கும்பல் ஒன்று கையில் கிடைத்தவரை என்ன செய்யும் என்பதைப் பதினாறு வயதில் அறிந்துகொண்ட மனிதர் அவர்.

1707-ல் அவரை லண்டனுக்கு அனுப்பினார் பீட்டர். ஸ்வீடனோடு நடந்துகொண்டிருந்த போரில் இங்கிலாந்தின் ஆதரவு வேண்டும் என்பது நோக்கம். காரியம் நடக்கவில்லை. அடுத்த வருடம் ஊர் திரும்பத் தயாரானார். இதற்குள் லண்டன் வியாபாரிகளிடம் சில்லறைக் கடன்கள் சேர்ந்திருந்தன. தூதர் கிளம்பிவிட்டால் பணம் போச்சு என்று பயந்தவர்கள் கோர்ட்டுக்குப் போய் கைது ஆணை வாங்கிவிட்டார்கள். அவர்களில் ஒரு சரிகை வியாபாரியும் இருந்தார். தொகை சுமார் 50 பவுண்டு.

1708 ஜூலை 21, அன்றைய ஆங்கிலேயக் காலண்டர்படி. லண்டன் தெருவில் தூதரின் கோச்சு வண்டியை மறித்தார்கள். நம்மூர்க் கணக்கில் சொன்னால் கோர்ட் அமீனாக்கள். வண்டியிலிருந்து அவரை இழுத்தார்கள், அடி விழுந்தது, கடனாளிகளை அடைத்து வைக்கும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தான் இன்ன நாட்டின் தூதர், என்னைப் பிடிக்க முடியாது என்று கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருக்க மத்வேயெவ் நினைக்கவில்லை. ஜாமீன் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். மறுநாள் நேராக ராணி ஆனிடம் முறையிட்டார். லண்டனில் இருந்த மற்ற நாட்டுத் தூதர்களும் கொதித்துப்போனார்கள். இன்று இவருக்கு, நாளை நமக்கு என்ற பயம்தான்.

அரசாங்கம் பதறியது. கைதில் சம்பந்தப்பட்ட 17 பேரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பெரும்பாலானோர் மேல் வழக்கு நடந்தது. தலைமை நீதிபதி ஹோல்ட் முன்னிலையில் ஜூரி, "ஆமாம், இவர்கள் இதைச் செய்தார்கள்" என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் செய்தது குற்றமா? அதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. அமீனாக்களின் கையில் முறையான ஆணை இருந்தது. தூதரைக் கைது செய்வது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வரி இல்லை. அந்தக் கேள்வியைப் பிறகு நீதிபதிகள் கூடி முடிவு செய்யலாம் என்று ஒத்திவைத்தார்கள். கடைசிவரை முடிவு செய்யவே இல்லை.

மாஸ்கோவில் பீட்டர் சும்மா இருப்பாரா? மிடில்செக்ஸ் ஷெரீப் உட்பட சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் உடனடி மரண தண்டனை வேண்டும் என்றார்.

ராணியின் பதிலைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சட்டத்தில் இடமில்லாதபோது, தன் குடிமக்களில் மிக எளியவனைக்கூடத் தண்டிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி அனுப்பினார். ஜார் மன்னரின் தர்பாருக்கு இது பெரிய ஆச்சரியம் என்று பிறகு பிளாக்ஸ்டோன் தன் சட்ட நூலில் எழுதினார். ராணி என்றால் தலையை வெட்டச் சொல்ல வேண்டியதுதானே!

தண்டிக்க முடியாது, ஆனால் சட்டம் போட முடியும். 1709-ல் பார்லிமென்ட் ஒரு சட்டம் நிறைவேற்றியது. தூதர் மேலும் அவருடைய வேலையாட்கள் மேலும் எடுக்கும் கைது, ஜப்தி நடவடிக்கைகள் செல்லாது. மீறி எடுப்பவர்கள் தண்டனைக்குரியவர்கள். அந்தச் சட்டத்தின் அலங்காரப் பிரதி ஒன்றை மாஸ்கோவுக்கு அனுப்பினார்கள். 1710 பிப்ரவரியில் ஆங்கிலத் தூதர் சார்லஸ் விட்வொர்த், பீட்டர் முன்னால் நின்று ராணியின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இதற்குள் பொல்தாவா போரில் ஸ்வீடனை முறியடித்து பீட்டர் பெரிய ஆளாகியிருந்தார் என்பதும் உண்மை. மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். 17 பேர் தலையும் தப்பியது.

பட்டியலில் பெயர் இருக்கிறதா?

அந்த 1709 சட்டத்தின் கடைசிப் பகுதியில் ஒரு சின்ன விதி இருக்கிறது. எனக்கு மொத்தச் சட்டத்திலும் முக்கியமானது அதுதான். தூதரின் வேலையாளைப் பிடித்ததற்காக ஒரு அமீனாவைத் தண்டிக்க வேண்டுமென்றால், அந்த வேலையாளின் பெயர் அரசுச் செயலர் அலுவலகத்தில் பதிவாகி, அங்கிருந்து லண்டன், மிடில்செக்ஸ் ஷெரீப்களின் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும்.

ஏன்? தெருவில் நிற்கும் அமீனாவுக்கு யார் தூதர், யார் அவர் வீட்டு ஆள் என்று எப்படித் தெரியும்? அதை அவன் தெரிந்துகொள்ள வழி செய்யாமல் அவனைத் தண்டிப்பது அநியாயம். இன்னொரு காரணமும் உண்டு. கடன்காரனிடமிருந்து தப்பிக்க, "நான் இன்ன தூதரின் செயலாளர்" என்று சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் ஆட்கள் லண்டனில் நிறையப் பேர். 1764-ல் அப்படி ஒரு வழக்கு நீதிபதி மான்ஸ்ஃபீல்டிடம் வந்தது. பவேரியத் தூதரிடம் செயலாளர் என்று சொன்ன ஒருவரின் வழக்கு. மான்ஸ்ஃபீல்ட் சீட்டை மட்டும் பார்க்கவில்லை. வேலை உண்மையா என்று பார்த்தார். உண்மை என்று பட்டதால் விலக்குரிமையைக் கொடுத்தார்.

இன்று எல்லா நாட்டு வெளியுறவுத் துறையும் தூதரக அதிகாரிகள் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதன் கொள்ளுத்தாத்தா இந்த 1709 பட்டியல்.

இரண்டு ஒப்பந்தம், இரண்டு விதமான ஆள்

இப்போது நண்பரின் நீல நம்பர் பிளேட்டுக்கு வருவோம். இன்று உலகம் பின்பற்றுவது இரண்டு வியன்னா ஒப்பந்தங்களை. 1961-ல் வந்தது தூதரக உறவுகளுக்கு, 1963-ல் வந்தது கான்சல்களுக்கு. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறு.

முதல் ஒப்பந்தத்தின்படி தூதரக அதிகாரியைக் கைது செய்யவோ தடுத்து வைக்கவோ கூடாது. கிரிமினல் வழக்கில் முழு விலக்கு. சிவில் வழக்கிலும் பெரும்பாலும் விலக்கு. சொந்த அசையாச் சொத்து, வாரிசுச் சொத்து, சொந்தத் தொழில் அல்லது வியாபாரம் ஆகிய மூன்றில் மட்டும் வழக்குப் போடலாம். இரண்டாவது ஒப்பந்தம் இவ்வளவு தாராளம் இல்லை. கான்சலுக்கு அவர் அலுவல் முறையில் செய்த காரியங்களுக்கு மட்டுமே விலக்கு. கடுமையான குற்றம் என்றால், நீதித்துறையின் உத்தரவோடு அவரைக் கைது செய்யலாம். சாட்சி சொல்லவும் கூப்பிடலாம்.

சென்னையில் இருப்பவற்றை நாம் பேச்சுவழக்கில் தூதரகம் என்கிறோம். தூதரகங்கள் இருப்பது டெல்லியில். இங்கே இருப்பவை துணைத் தூதரகங்கள், அதாவது கான்சல் அலுவலகங்கள். நீல பிளேட்டிலேயே இது எழுதியிருக்கும்: "சிடி" என்றால் தூதரகம், "சிசி" என்றால் கான்சல். அண்ணா சாலையில் அன்று நான் எழுத்தைக் கவனிக்கவில்லை. அது "சிசி" வண்டியாக இருந்து, அலுவல் சம்பந்தமில்லாத பயணத்தில் ஆள்மேல் ஏறியிருந்தால், "போலீஸ் ஒண்ணும் பண்ண முடியாது" என்பது தப்பு. அதுவும் விபத்து நஷ்டஈட்டு வழக்குக்குக் கான்சலின் விலக்கு குறுக்கே நிற்காது என்று 1963 ஒப்பந்தமே தனியாகச் சொல்கிறது.

தொப்பியும் மரப்பெட்டியும்

விலக்குரிமையின் கசப்பான பக்கத்தை மறைத்தால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. 1984 ஏப்ரல் 17, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கம். லிபியத் தூதரகத்தின் முன்னால் கடாபிக்கு எதிராக ஒரு ஆர்ப்பாட்டம். கட்டடத்தின் ஜன்னலிலிருந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். பாதுகாப்புக்கு நின்ற 25 வயது பெண் போலீஸ் இவான் ஃபிளெட்சர் இறந்துபோனார். அவருடைய தொப்பி தரையிலேயே கிடந்தது. போலீஸ் கட்டடத்தைச் சுற்றி வளைத்து நின்றது, உள்ளே நுழையவில்லை. தூதரகக் கட்டடத்துக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது என்கிறது 1961 ஒப்பந்தம். திரிபோலியில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தையும் லிபியப் படை சூழ்ந்திருந்தது. பிரிட்டன் உறவை முறித்துக்கொண்டது. ஏப்ரல் 27 அன்று உள்ளே இருந்தவர்கள் வரிசையாக வெளியே வந்து விமானம் ஏறிப் போய்விட்டார்கள். சுட்டவரும் அந்த வரிசையில்தான் இருந்திருக்க வேண்டும். 1999-ல் லிபியா பொறுப்பை ஏற்று நஷ்டஈடு கொடுத்தது. ஆனால் கொலைக்காக இன்றுவரை எந்தக் கிரிமினல் கோர்ட்டும் யாரையும் தண்டிக்கவில்லை.

அதே 1984, ஜூலை 5. நைஜீரியாவின் முன்னாள் அமைச்சர் உமாரு டிக்கோவை லண்டனில் அவர் வீட்டு வாசலில் கடத்தினார்கள். அன்று மாலையே ஸ்டான்ஸ்டட் விமான நிலையத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள் வந்தன. தூதரகப் பை என்றார்கள். தூதரகப் பையைத் திறக்கக் கூடாது, நிறுத்தி வைக்கவும் கூடாது. ஆனால் அதன் மேல் தூதரகப் பை என்பதற்கான அடையாளம் வெளியே தெரியும்படி இருக்க வேண்டும் என்றும் அதே ஒப்பந்தம் சொல்கிறது. சுங்க அதிகாரிகள் பார்த்தார்கள். முறையான அடையாளம் இல்லை. திறந்தார்கள். உள்ளே மயக்க மருந்து கொடுத்த நிலையில் டிக்கோ, பக்கத்தில் ஒரு மயக்க மருந்து டாக்டர்! டிக்கோ பிழைத்தார். நான்கு பேர் சிறைக்குப் போனார்கள்.

மூன்று மாதத்துக்குள் ஒரே நகரத்தில் இரண்டு சம்பவம். ஒன்றில் விதி கையைக் கட்டிப்போட்டது. இன்னொன்றில் விதியைச் சரியாகப் படித்திருந்த ஒரு அதிகாரி ஒரு உயிரைக் காப்பாற்றினார். விதியை உடைத்துக் காப்பாற்றவில்லை, படித்துக் காப்பாற்றினார்.

விலக்கு யாருடைய சொத்து?

விலக்குரிமை அந்த அதிகாரியின் சொந்தச் சொத்து அல்ல. அவரை அனுப்பிய நாட்டின் சொத்து. "எனக்கு வேண்டாம்" என்று அவராகச் சொல்ல முடியாது. அவர் நாடு நினைத்தால் அவர் தடுத்தாலும் எடுத்துவிட முடியும். 1997 ஜனவரியில் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டுத் தூதரகத்தின் இரண்டாம் நிலை அதிகாரி மகராட்சே குடித்துவிட்டு ஓட்டிய கார் மோதி 16 வயதுப் பெண் இறந்தார். ஜார்ஜிய அதிபர் ஷெவர்ட்நாட்சே விலக்கை விட்டுக்கொடுத்தார். மகராட்சே குற்றத்தை ஒப்புக்கொண்டார். 7 முதல் 21 ஆண்டு சிறை.

கோர்ட் எந்தத் தேதியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புள்ள வழக்கு தேவயானி கோப்ரகடே வழக்கு. 2013 டிசம்பர் 12 அன்று நியூயார்க்கில் துணைக் கான்சல் ஜெனரலாக இருந்த அவரைக் கைது செய்தார்கள். வீட்டு வேலைக்கு அழைத்துப்போன பெண்ணின் விசாவுக்காக, மணிக்கு 9.75 டாலர் சம்பளம் என்று காட்டிவிட்டு உண்மையில் அதைவிட மிகக் குறைவாகக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. காவலில் உடைகளைக் களைந்து சோதனை செய்தார்கள். இங்கே கொதித்துப்போய் டெல்லி அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால் இருந்த தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். அவர் கான்சல் என்பதால் முழு விலக்கு இல்லை என்றது அமெரிக்கா. இந்தியா அவரை ஐ.நா.வுக்கான தூதுக்குழுவுக்கு மாற்றியது. 2014 ஜனவரி 8-ல் அமெரிக்கா அந்தப் பதவியை அங்கீகரித்தது. மறுநாள், 9-ம் தேதி, கோர்ட்டில் குற்றப்பத்திரிகை. அன்று அவருக்கு முழு விலக்கு இருந்தது என்பதால், மார்ச் 12-ல் நீதிபதி ஷைண்ட்லின் அந்தக் குற்றப்பத்திரிகையைத் தள்ளுபடி செய்தார். இரண்டே நாளில் புதிய குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதற்குள் கோப்ரகடே இந்தியா வந்துவிட்டதால் பழைய பாதுகாப்பு இல்லை என்பது அரசுத் தரப்பின் கணக்கு.

அப்போது இங்கே நடந்த விவாதங்களில் நம் அதிகாரியின் மானம் பற்றித்தான் பேசினோம். அந்த வேலைக்காரப் பெண்ணும் நம்ம ஊர்ப் பெண்தான் என்பதை எத்தனை பேர் பேசினோம்? நான் பேசவில்லை. இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. சோதனை செய்த விதம் தவறு. சம்பளப் புகாரும் புகார்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல முடியும். 2022 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு சவூதி தூதரக அதிகாரிமேல் வந்த வழக்கில், வீட்டு வேலையாளை நவீன அடிமையாக வைத்துச் சுரண்டினால் அது மூன்றாவது விதிவிலக்கான சொந்த லாபத் தொழிலுக்குள் வரும், வழக்கு நடத்தலாம் என்று 3-க்கு 2 என்ற கணக்கில் சொன்னது. 1709-ல் வேலையாட்களைக் கடன்காரனிடமிருந்து காத்த அதே விலக்கு, இன்று அவர்களுக்கே எதிராகத் திரும்பாமல் இருக்க ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது.

அப்படியானால் போலீஸ் என்னதான் செய்யலாம்?

நிறையச் செய்யலாம். விலக்கு என்றால் குற்றமே நடக்கவில்லை என்று பொருள் அல்ல. உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க வேண்டியது தூதரக அதிகாரியின் கடமை என்று 1961 ஒப்பந்தமே சொல்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் நாட்டுப் போலீஸுக்குக் கொடுத்திருக்கும் வழிமுறை இது: வண்டியை நிறுத்தலாம். அபராதச் சீட்டுக் கொடுக்கலாம். அடையாள அட்டையைக் கேட்கலாம், வெளியுறவுத் துறைக்குப் போன் போட்டுச் சரிபார்க்கலாம். குடித்திருந்தால் ஓட்ட விடாமல் தடுக்கலாம். ஆனால் ஊதச் சொல்லிக் கட்டாயப்படுத்தவோ வண்டியைச் சோதனை போடவோ கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், நடந்ததை முழுசாக எழுதி வைக்க வேண்டும். சாட்சி, படம், நேரம் எல்லாம். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் நாளைக்கு அவருடைய நாடு விலக்கை விட்டுக்கொடுத்தாலும் கோர்ட்டில் நிற்க வழக்கு இருக்காது. "அவர் தூதராச்சே" என்று எஃப்.ஐ.ஆர். போடாமல் விட்டால், அங்கே நீதியைத் தடுத்தது ஒப்பந்தம் அல்ல, அந்த ஸ்டேஷன்தான்.

கோர்ட்டின் வேலையும் இப்படித்தான். இந்தியாவில் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவருக்கு விலக்கு உண்டா என்ற கேள்வி வந்தால், அது சம்பந்தமான உண்மைகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றிதழே முடிவான சாட்சியம். நீதிபதி கேட்கவேண்டியவை: இவர் பட்டியலில் இருக்கிறாரா? எந்த நிலையில்? எந்தத் தேதியில்? செய்தது அலுவல் காரியமா? அவருடைய நாடு விலக்கை எழுத்தில் விட்டுக்கொடுத்ததா? இதற்கும் மேல் தேவைப்பட்டால் அரசாங்கத்திடம் ஜென்டிலி காலத்து ஆயுதம் இருக்கவே இருக்கிறது: காரணம் சொல்லாமலே "வெளியே போ" என்று சொல்லலாம்.

இதெல்லாம் படித்தபிறகு எனக்கு விலக்குரிமை மேல் பெரிய காதல் வந்துவிடவில்லை. ஃபிளெட்சரின் தொப்பியை மறக்க முடியாது. ஆனால் மாற்று என்ன என்று யோசித்தால் 1708 ஞாபகம் வருகிறது. ஒரு பக்கம் தெருவில் அடிபட்ட தூதர், மறுபக்கம் 17 தலை கேட்ட ஜார். தூதரைக் காத்ததும் அந்த அமீனாக்களைக் காத்ததும் ஒரே கொள்கைதான்: எழுதிய சட்டம் இல்லாமல் யார்மேலும் கை வைக்காதே.

போன மாதம் அதே நண்பரோடு அதே சாலையில் போனேன். நீல பிளேட் வண்டி ஒன்று வந்தது. இந்த முறை எழுத்தைப் படித்தேன். "சிசி" என்றேன். "அப்படின்னா?" என்றார். டீக்கடையில் நிறுத்தி, மத்வேயெவிலிருந்து ஆரம்பித்தேன். டீ ஆறிப்போய்விட்டது.